மூணாவது மாடியில கட்டிப்போட்ட படகு

கடல்ல தண்ணி ஏறுனா எங்க டி பிளாக் மூணாவது மாடி வராந்தாவுல ஒரு மஞ்சப் படகு இடுப்பு ஒசரத்துக்கு எழும்பி மிதக்கும், கடல்ல தண்ணி வத்துனா அதுவும் பூனைக்குட்டி மாதிரி தரையில வந்து உக்காந்துடும், அதைப் பாத்துதான் கீழ் வீட்டுக்காரங்க உலை வைப்பாங்க, அதைப் பாத்துதான் நான் மோட்டார் போடுவேன், அப்படி ஒரு காலம் இங்க நடந்துச்சு. கடல் எங்களுக்கு ரெண்டு பஸ் மாறிப் போற தூரம். அவ்வளவு தள்ளி இருக்கிற தண்ணி ஏறுறதும் எறங்குறதும் இந்த பிளாஸ்டிக் சாமானுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு எங்கள்ல யாரும் கேக்கல. கேட்டு என்ன ஆகப்போகுது. கரண்டு எப்படி வருதுன்னு தெரிஞ்சுக்கிட்டா ஃபேன் போடுறோம்?

என் பேரு ருக்குமணி. டி பிளாக்குக்கு மோட்டார் போடுறவ, மொட்டைமாடிச் சாவி என் இடுப்புலதான் தொங்கும். தண்ணி வந்தா "ருக்கு அக்கா"ம்பாங்க, அரை மணி லேட்டானா "அந்தப் பொம்பள"ம்பாங்க. அந்தப் பொம்பளதான் சொல்றேன், கேளுங்க.

எங்களை எல்லாம் கரையில இருந்து தூக்கி இந்த அடுக்கு வீட்டுல போட்டப்ப ஆளாளுக்கு ஒரு கதவு, ஒரு கக்கூஸ், ஒரு பல்பு கிடைச்சுது. குறை சொல்லக்கூடாது, முன்ன இருந்த இடத்துல அதுவும் கிடையாது. ஆனா ஒண்ணு மட்டும் யாருக்கும் வரல. தூக்கம். படகுல தூங்கிப் பழகுன ஆம்பளைங்களுக்குத் தரை அசையலன்னா கண்ணு மூடல, அவங்க புரண்டு புரண்டு படுக்கிறதுல பொம்பளைங்களுக்கு மூடல, பெரியவங்க எழுந்து நடக்கிறதுல பிள்ளைங்களுக்கு மூடல. வராந்தாவுல எந்நேரமும் யாராவது செருப்பைத் தேச்சுக்கிட்டு நடந்துக்கிட்டே இருப்பாங்க. பகல்ல பாத்தா ஷேர் ஆட்டோவுல உக்காந்து கால் ஆட்டுறது, ரேஷன் கடையில நின்னுக்கிட்டே கண்ணு சொருகுறது, ஒண்ணுமில்லாததுக்குச் சண்டை போடுறது. வருஷக்கணக்கா ஒரு பிளாக்கே தூங்கலன்னா எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க. அவங்களுக்குத்தான் நான் தண்ணி விட்டுக்கிட்டு இருந்தேன்.

அதுல ரொம்ப மோசம் தேசப்பன். ஒரு காலத்துல வலை போட்டா வெறுங்கையோட திரும்பாத ஆளு, இப்ப பெரிய கடை ஒண்ணுல கார் நிறுத்துற எடத்துல விசில் ஊதுறான். அவனுக்கு வாய்ச்சவதான் பூங்காவனம். கூடையில மீன் வாங்கித் தெருத்தெருவா விக்கிறவ. ஒரு எடத்துல அஞ்சு நிமிஷம் சும்மா நிக்க மாட்டா, பேசும்போதே முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி அவுப்பா.

அவளுக்கு ஒரே ஒரு எரிச்சல்தான், அது அவ வயித்துலயே கிடந்துச்சு. முகத்துவாரத்துக் கரையில தினமும் ஏலம் நடக்கும். ஏலக்காரர் கஜபதி மீனைக் கூறு கட்டி மண்ணுல கொட்டுவாரு, ஒவ்வொரு கூறுக்கும் முன்னாடி அது யாரு படகு மீனுன்னு சத்தமா கூவுவாரு. இன்னார் படகு மீனு, அன்னார் படகு மீனு, அப்புறந்தான் விலை. பூங்காவனம் மாதிரி கூடைக்காரிங்க கடைசி வரைக்கும் நின்னு, பெரிய வியாபாரிங்க கழிச்சுப் போட்டதை வாங்கணும். "எத்தினி பேரைக் கூவுறாரு அக்கா, பொம்பள பேரு ஒண்ணு அந்த வாயில வந்ததே இல்ல. ஒரு நாளு என் பேரைச் சொல்லி ஒரு கூறு கொட்டணும். அன்னிக்கே செத்தாலும் சரி"ன்னு ஒருமுறை என்கிட்ட சொன்னா. செத்தா கூடை யாரு தூக்குறதுன்னு நான் கேட்டேன்.

ஃபைபர் படகுக்கு நாலு ஆளு வேணும், எஞ்சின் வேணும், டீசல் வேணும், எல்லாத்துக்கும் மேல பொம்பளையை ஏத்திக்கிற மனசு வேணும். அது நடக்காது. ஆனா முகத்துவாரத்துல கம்ப்யூட்டர் வேலை பாக்குற பசங்க லீவு நாள்ல வந்து, ஆளுக்கு ஒரு கலர் பிளாஸ்டிக் படகுல தனியா உக்காந்து, தனியா துடுப்பு போட்டு, கைத்தடி மாதிரி ஒரு தூண்டிலை வச்சுக்கிட்டு முழங்கை நீளத்துக்குக் கொடுவா மீனைத் தூக்கிட்டுப் போறதை அவ பாத்தா. அதுக்குக் கயாக்னு பேரு. ஒரு ஆளு, ஒரு துடுப்பு, டீசல் இல்ல. அன்னிக்குப் புடிச்ச பித்துதான்.

கண்ணாடிக் கதவு போட்ட கடைக்குள்ள கூடையோடயே போயிட்டா. கடைப்பையன் விலையைச் சொன்னான். "எஞ்சின் சேத்தாப்பா?"ன்னு கேட்டா. "எஞ்சின் கிடையாதும்மா, கையாலதான் வலிக்கணும்"னான். "நம்ம கையாலயே வலிக்கிறதுக்கு இவ்ளோ துட்டா"ன்னு கேட்டுட்டு, வெளியில வந்து அதே கடை வாசல்ல கூடையை எறக்கி மீன் வித்துட்டு வந்தா. அதுக்கப்புறம் ஒரு வருஷம் மத்தியானச் சோறு கிடையாது அவளுக்கு. காதுல கிடந்ததும் போச்சு. யாரு கேட்டாலும், காது வலிக்குதுன்னா.

அப்பதான் கடற்கரைச் சாலையில ஒரு ஓட்டலை மூடிட்டு சாமானை எல்லாம் விக்கிறாங்கன்னு கேள்விப்பட்டு என்னையும் இழுத்துக்கிட்டுப் போனா. காவலுக்கு இருந்தவர் பேரு முத்துவேல், பாவம், முகத்தைப் பாத்தாலே விலை குறைக்கலாம்னு தெரிஞ்சுது. முதல்ல ஒரு சிவப்புப் படகைக் காட்டினாரு, விலையும் கம்மிதான். நடுவுல பொந்து இருந்துச்சு, காலை அதுக்குள்ள நுழைச்சு உக்காரணும். "இது கவுந்தா நானும் உள்ளயே மாட்டிக்குவேன். மேல உக்கார்றதைக் காட்டுய்யா"ன்னா பூங்காவனம். அப்பதான் அந்த மஞ்சப் படகு வந்துச்சு. நல்லா நீளம், மேல உக்காரக் குழிவு, தூண்டில் சொருக ரெண்டு துளை, ரெண்டு ஆளைத் தாங்கும்னாரு. சீட்டு பிஞ்சிருந்துச்சு. துடுப்புல ஒரு பக்கம் தண்ணி தள்ளுற இலை இல்ல. எல்லாத்தையும் விட, மேலே இருந்து அடி வரைக்கும் ஊடுருவி எட்டு ஓட்டை. விரலை விட்டா அந்தப் பக்கம் வருது.

"இன்னாய்யா இது, ஓட்டைப் படகைக் காட்டுற?"

"ஓட்டை இருக்கணும்மா. அலை மேல ஏறுனா தண்ணி அந்த வழியா எறங்கிடும். அடச்சாதான் ஆபத்து"ன்னாரு முத்துவேல்.

அவளுக்கு அந்த நிமிஷமே புரிஞ்சுபோச்சு. நான் முகத்தைப் பாத்தேனே. ஆனா புரிஞ்ச மாதிரி காட்டிக்கணுமே? "ஏன்யா, எங்க ஆளுங்க பொறந்ததுல இருந்து படகு ஓட்டுறோம், எங்ககிட்டயே ஓட்டை நல்லதுன்னு சொல்றியா? ஒரு ஓட்டைக்கு இவ்ளோன்னு கழிச்சுக்கோ"ன்னு ஒண்ணு ஒண்ணா விரலை விட்டு விலையை எறக்குனா. எட்டாவது ஓட்டைக்கு வரும்போது அந்த மனுஷன் "எடுத்துட்டுப் போம்மா"ன்னு கும்பிட்டாரு. பிஞ்ச சீட்டுக்குப் பதிலா ஒரு பிளாஸ்டிக் சேரோட காலை அறுத்து வச்சுக் கட்டுனா. இல்லாத துடுப்பு இலைக்கு ஒரு பழைய எவர்சில்வர் தட்டை முடுக்குனா. குட்டியானை வண்டியில படகு வந்து எறங்குனப்ப பிளாக்கே வந்து பாத்துச்சு. கீழ விட்டா திருடு போயிடும்னு மூணாவது மாடிக்குத் தூக்கி வராந்தாக் கம்பியில கட்டுனோம்.

அன்னிக்கு மத்தியானம் அது எழும்புச்சு. சத்தமில்லாம, கயிறு நீளத்துக்கு, இடுப்பு ஒசரத்துல நின்னு லேசா மூக்கை ஆட்டுச்சு. எதிர்வீட்டுக்காரி கதவைத் திறந்து பாத்துட்டு, "கொஞ்சம் ஓரமா கட்டும்மா, பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வர்ற நேரம்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. கடல்ல இப்ப ஏத்தம்னு தேசப்பன் சொன்னான். வேலைக்குக் கிளம்பிக்கிட்டிருந்த ஆளு, விசிலைக் கழுத்துல மாட்டிக்கிட்டே, படகு எப்படி நிக்குதுன்னு பாக்கலாம்னு ஏறி மல்லாந்து படுத்தான். அவ்வளவுதான். முதல்ல வாய் திறந்துச்சு, அப்புறம் குறட்டை வந்துச்சு, ஒவ்வொரு குறட்டைக்கும் விசில் லேசா கூவுச்சு. நாங்க எல்லாரும் கதவைத் திறந்துக்கிட்டு வந்து நின்னு கேட்டோம். பூங்காவனம் கையால வாயைப் பொத்திக்கிட்டு அழுதா. அத்தனை வருஷத்துல அவன் தூங்கி அவ பாத்ததில்லை.

அதுல இருந்து ஆரம்பிச்சுது அவளுக்குப் புடிச்ச சனியன். தண்ணி லாரிக்குக் குடத்தை வரிசையில வச்சு இடம் புடிக்கிற பழக்கம் எங்களுக்கு உண்டு, அதே மாதிரி மூணாவது மாடி வராந்தாவுல தலையணை வரிசை முளைச்சுது. ஏத்தம் வர்றதுக்கு முன்னாடியே பூப்போட்ட தலையணை, பஞ்சு பிதுங்குன தலையணை, சேலையைச் சுருட்டுன தலையணை எல்லாம் படிக்கட்டு வரைக்கும் உக்காந்திருக்கும். ஒழுங்கா போங்கன்னு அதட்டுறதுக்கு ஆளு வேணும்ல, அந்த வேலையும் என் தலையில விழுந்துச்சு. தூங்கி எழுந்தவங்க மூஞ்சியே வேற மாதிரி ஆச்சு. சண்டை குறைஞ்சுது. ஒருத்தன் பொண்டாட்டியைப் பாத்துச் சிரிச்சான், அவ பயந்துட்டா. பிளாக் சங்கச் செயலாளர் எத்திராஜ் "நம்ம படகு"ன்னு பேச ஆரம்பிச்சாரு, அப்புறம் எல்லாரும் நம்ம படகு, நம்ம படகுன்னாங்க. பூங்காவனம் ஒவ்வொரு தடவையும் "என் படகு"ன்னு திருத்துவா. யாரு காதுல விழுது.

அவளால அதைக் கடலுக்குக் கொண்டுபோகவே முடியல. ஏத்தத்துலதானே முகத்துவாரத்துல மீன் வரும், ஏத்தத்துலதானே படகுல யாராவது தூங்குறாங்க. எத்தனையோ வருஷம் கழிச்சுத் தூங்குற மனுஷனை எப்படித் தட்டி எழுப்புறது? ஒருநாள் விடியறப்பவே, வரிசை சேர்றதுக்குள்ள, கயிறை அவுத்துப் படகைக் கன்னுக்குட்டி மாதிரி இழுத்துக்கிட்டுப் படி எறங்குனா. அது அவ பின்னாலயே மிதந்து போச்சு. ரெண்டாவது மாடித் திருப்பத்துல ஒரு பொண்ணு, கைக்குழந்தையைத் தோள்ல போட்டுத் தட்டிக்கிட்டே நிக்கிறா, கண்ணுக்குக் கீழ கருப்பு. "பூங்காவனம் அக்கா, இவனை மட்டும். கொஞ்ச நேரம்"னா. பூங்காவனம் அந்தக் குழந்தையைப் பாத்தா, கையில இருந்த தூண்டிலைப் பாத்தா, தூண்டிலைச் சுவத்துல சாச்சுட்டுக் குழந்தையை வாங்கிப் படகுல போட்டா. அன்னிக்கு ஏத்தம் முடிஞ்சுபோச்சு. அவ படியிலயே உக்காந்து, முந்தானையைச் சுருட்டுறதும் அவுக்கிறதுமா இருந்தா. அன்னிக்குச் சாயங்காலமும் கஜபதி முன்னால கடைசியா நின்னு, கழிச்சுப் போட்டதை வாங்கிட்டு வந்தா.

"ஊருக்கெல்லாம் தூக்கம் குடுத்துட்டு நான் தூங்காம கெடக்குறேன் அக்கா. என் புருஷன் தூங்குறதைப் பாத்தா சந்தோஷமா இருக்குது, அடுத்த நிமிஷம் அந்தாளைப் புடிச்சுக் கவுக்கலாம்னு தோணுது. நான் இன்னா பண்றது?"ன்னு கேட்டா. என் தலையணையும் வரிசையிலதான் இருந்துச்சு.

இப்படி இருக்கும்போதுதான் எங்க ஆளுங்க புத்தியைக் காட்டுனாங்க. கடல்காரங்க கண்ணுக்கு ஓட்டைன்னா ஓட்டைதான், அதைப் பாத்துட்டுக் கை சும்மா இருக்காது. யாரோ ஒருத்தர் முதுகுல காத்து அடிக்குதுன்னாரு. எத்திராஜ் அந்தக் காலத்துல படகு பழுது பாத்த ஆளு, குனிஞ்சு பாத்தாரு, எட்டு ஓட்டை. "ஐயோ பாவம், தெரியாம ஏமாந்து வாங்கிட்டா, நாமதான் சரிபண்ணிக் குடுக்கணும்"னு நெஞ்சு உருகிட்டாரு. தண்ணி டேங்குல ஒழுகுனா அடைக்கிற பசை இருக்கே, எல்லாருமா காசு போட்டு அதை வாங்கி, உருட்டி, எட்டு ஓட்டையையும் மேலயும் கீழயும் அடைச்சு, மஞ்சப் பெயின்ட் கூட அடிச்சுட்டாங்க. பூங்காவனம் கூடையோட வந்தா. அவளைச் சுத்தி நின்னு எல்லாரும் சிரிச்சுக்கிட்டு, பாராட்டுவான்னு பாத்துக்கிட்டு இருந்தாங்க.

"அது ஓட்டை இல்லய்யா. தண்ணி எறங்குற வழி. உங்களை யாருய்யா கேட்டா?"ன்னு அவ சொன்னா. சத்தம் போட்டுச் சொல்லல.

அன்னிக்கு வத்தம் வந்துச்சு, படகு எறங்கல. அடுத்த ஏத்தத்துல கூரையில போய் முட்டுச்சு. உள்ள வந்த ஏத்தம் எறங்க வழி இல்லாம உள்ளயே தங்கிடுச்சு, அடுத்தது அது மேல ஏறுச்சு. சரி, கூரையில்லாத எடத்துக்குக் கொண்டுபோவோம்னு படி வழியா மொட்டைமாடிக்கு இழுத்து, நான் கதவைத் திறந்து விட, தண்ணி டேங்க் குழாய்ல கட்டுனாங்க. மறுநாள் மத்தியானம் தேசப்பன் முறை. ஏணி வச்சு ஏறிப் படுத்தான். அவன் தூங்கத் தூங்கப் படகு ஏறிக்கிட்டே போச்சு. கயிறு விறைச்சு நின்னப்ப, டேங்குக்கு மேல, காக்கா பறக்குற ஒசரத்துல, மஞ்சளா ஒரு அடிப்பக்கம் மட்டும் தெரிஞ்சுது, விசில் சத்தம் மெல்லிசா கேட்டுச்சு.

கீழ எல்லாரும் யோசனை சொன்னாங்க. ஒருத்தர் சோறு கட்டி அனுப்பலாமான்னாரு. ஒருத்தி, கயிறு எப்படியும் நிக்குது, துணி காயப்போடலாமான்னு கேட்டா. கரண்டு ஆபீஸ்ல இருந்து ஒருத்தர் வந்து, ஒயர்ல படாம பாத்துக்கங்கன்னு சொல்லிட்டுப் போனாரு. எத்திராஜ் கயிறைப் புடிச்சு வெடுக்குன்னு இழுத்தாரு, படகு ஒரு பக்கமா சாஞ்சுது, மேல இருந்து ஒரு செருப்பு வந்து விழுந்துச்சு. அதுக்கப்புறம் யாரும் இழுக்கல. அடுத்த ஏத்தம் வந்தா கயிறு தாங்காதுன்னு எல்லாருக்கும் தெரியும்.

பூங்காவனம் மீன் அறுக்குற கத்தியைப் பல்லுல கடிச்சுக்கிட்டு, துடுப்பையும் தூண்டிலையும் முதுகுல கட்டிக்கிட்டு, டேங்க் விளிம்பு மேல ஏறுனா. உச்சி வெயிலு. கீழ நாங்க கயிறை வெடுக்குன்னு இழுக்காம, மாவு சலிக்கிற மாதிரி கொஞ்சங் கொஞ்சமா வாங்குனோம், படகோட அடிவயிறு அவ தலைக்கு மேல வந்து நின்னுச்சு. முதல் ஓட்டையில கத்தியை விட்டுக் குடைஞ்சா. அடைப்பு பேந்து விழுந்துச்சு, பின்னாலயே கட்டைவிரல் கனத்துக்குத் தண்ணி அவ மூஞ்சியில ஊத்துச்சு. உப்புத்தண்ணி. ரெண்டாவது, மூணாவது. அடைபட்டுக் கிடந்த ஏத்தம் எல்லாம் எட்டு வழியா அவ தலையில கொட்டுச்சு, அதோட சின்ன இறாலும், துள்ளுற மடவைக் குஞ்சும், மண்ணும் வந்துச்சு. டேங்குக்கு மூடி போடுங்கன்னு ரெண்டு வருஷமா சங்கத்துக்குச் சொல்லிக்கிட்டு இருந்தேன், கேட்டாங்களா? ஒரு வாரம் டி பிளாக்குல எவளும் குழம்புக்கு உப்பு போடல.

படகு மெதுவா எறங்கி மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் ஒசரத்துல நின்னுச்சு. தேசப்பன் புரண்டுகூடப் படுக்கல. கடல்ல அப்பவும் ஏத்தம். நனைஞ்சு, மூச்சு வாங்கிக்கிட்டு, தலைமயிர்ல இறாலோட பூங்காவனம் திரும்பிப் பாத்தா, எதிர்ல தலையணையோட எல்லாரும் நிக்கிறாங்க.

"தேசப்பனுக்கு அடுத்து நம்ம முறைதானே"ன்னு எத்திராஜ் கேட்டாரு. நல்ல மனுஷன்தான். தூங்கி மூணு நாளாச்சு அவரு.

அவ படகுல ஏறி, கால் அறுத்த சேர்ல உக்காந்து, துடுப்பைக் கையில எடுத்து, என்னைப் பாத்தா. முடிச்சு என் பக்கம் இருந்துச்சு. என் தலையணை எத்திராஜுக்கு அடுத்தது. "ருக்கு அக்கா, விடாதீங்க"ன்னு நாலு பேரு சொன்னாங்க. நான் ஒரு நிமிஷம் அந்தக் கயித்தைப் புடிச்சுக்கிட்டு நின்னேன், தூக்கத்தை நினைச்சா எனக்கும் கண்ணுல தண்ணி வந்துச்சு. அப்புறம் முடிச்சை அவுத்து அவ மடியில போட்டுட்டு, "போடி, சீக்கிரம் போ, ஏத்தம் போயிடப்போகுது"ன்னேன்.

அதுக்கப்புறம் நடந்ததுல பாதி அவ சொன்னது, பாதி தேசப்பன் சொன்னது, பொய் இருந்தா அவங்க கணக்கு. மாடிச் சுவரைத் தாண்டி மெதுவா எறங்கி, பஸ் கூரை ஒசரத்துல மெயின் ரோடு மேல போனாளாம். ஒரு பக்கம் துடுப்பு, ஒரு பக்கம் எவர்சில்வர் தட்டு, தட்டுல வெயில் பட்டு ஷேர் ஆட்டோக்காரங்க கண்ணைக் கூசுச்சாம். சிக்னல்ல சிவப்பு விழுந்தப்ப நின்னாளாம். போகப் போக ஏத்தம் அடங்கி படகு தாழ்ந்துக்கிட்டே வந்துச்சு, வேன் ஒசரம், ஸ்கூட்டர் ஒசரம், கடைசியா பாலத்தைத் தாண்டும்போது அடிப்பக்கம் தார்ல உரசிச்சு, இவ ஒரே எம்பு எம்பி முகத்துவாரத்துத் தண்ணியில விட்டா. தண்ணியைத் தொட்டதும் அது வெறும் படகு. எல்லாப் படகும் எப்படியோ அப்படி நின்னுச்சு. எட்டு ஓட்டை வழியாவும் தண்ணி எட்டிப் பாத்துட்டு எறங்குச்சு, தேசப்பன் முதுகு நனைஞ்சு முழிச்சுக்கிட்டான்.

கொஞ்ச நேரம் வானத்தைப் பாத்தானாம். அப்புறம் எழுந்து உக்காந்து, அந்தண்டை இந்தண்டை பாத்து, "வலது பக்கம் வாங்கு, அந்தக் கல்லுக்குக் கீழதான் கொடுவா நிக்கும்"னான். அவ வாங்குனா. "துடுப்பைக் குடு, உனக்கு வராது"ன்னு கையை நீட்டுனான்.

"குடுக்க மாட்டேன்."

"குடுடி. நான் எத்தினி வருஷம்..."

"நீ தூங்கு. இல்லன்னா தூண்டில் போடு. துடுப்பு என்னுது."

அவன் நீட்டுன கையை அப்படியே வச்சுக்கிட்டு அவளைப் பாத்தான், அப்புறம் கழுத்துல தொங்குன விசிலைக் கழட்டிச் சேர் காலுல மாட்டிட்டுத் தூண்டிலை எடுத்தான். அதுக்கப்புறம் அந்தப் படகு கரையிலயே தங்கிடுச்சு, எந்த வராந்தாவுலயும் எழும்பல. மறுநாள் தலையணையோட பஸ் ஏறிக் கரைக்குப் போனவங்களைப் பூங்காவனம் என்ன சொல்லித் திருப்புனான்னு நான் வாயால சொல்ல மாட்டேன். எங்க வராந்தாவுல செருப்பு தேயுற சத்தம் திரும்பவும் ஆரம்பிச்சுடுச்சு. அது இருக்கட்டும்.

அவ படகை ஓட்டிட்டுப் போன அன்னிக்குச் சாயங்காலம் ஏலத்துக்கு நானும் ஓடிப்போய் நின்னேன், மனசு கேக்கல. படகு கரை தட்டுச்சு. மூணு கொடுவா, படகுல ஒட்டிக்கிட்டு வந்த ஒரு கை இறால். கஜபதி அதை வாங்கி மண்ணுல கொட்டினாரு, கூறுன்னு சொல்ல முடியாது, பெரிய வியாபாரிங்களுக்கு உறை போடக்கூடக் காணாது. தேசப்பனைப் பாத்ததும் அவருக்கு முகம் மலர்ந்துபோச்சு. எத்தனை வருஷம் ஆச்சு பாத்து. தொண்டையைச் செருமிக்கிட்டு, கையைத் தூக்கிக் கூவுனாரு.

"தேசப்பன் படகு மீனு..."

தேசப்பன் வாயைத் திறந்தான். அதுக்குள்ள பூங்காவனம் கூறுக்கு முன்னால போய், ஈர முந்தானையை இடுப்புல சொருகிக்கிட்டு, ஒரு அசைவு இல்லாம நின்னா. அவ அப்படி நின்னு நான் பாத்ததே இல்ல.

"திருப்பிக் கூவுய்யா"ன்னா.

கஜபதி அவளைப் பாத்தாரு, அவனைப் பாத்தாரு. அவன் கீழ குனிஞ்சு காலைக் கழுவிக்கிட்டு இருந்தான். அவரு திரும்பவும் தொண்டையைச் செருமிக்கிட்டுக் கையைத் தூக்குனாரு.

"பூங்காவனம் படகு மீனு..."